எலும்பு முடிந்ததும் தானே நிற்கும் கருவி!

குளியல் அறையில் ஒரு பெரியவர் வழுக்கி விழுகிறார். தலையில் இலேசான அடி. காயம் இல்லை, ரத்தமும் வரவில்லை. ஒரு நாள் வலித்துவிட்டு நின்றுவிடுகிறது. வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்று, நான்கு வாரம் கழித்து அவருடைய நடை தள்ளாடுகிறது. பேச்சுக் குழறுகிறது. பகலெல்லாம் தூங்குகிறார். "வயசாகிவிட்டது, அதுதான்" என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கி, மூளையை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மண்டை ஓட்டில் ஒன்றிரண்டு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றுவார்கள். பழைய ரத்தம், மோட்டார் எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெய் போலக் கறுப்பாக வெளியே வரும். மூளை மேல் இருந்த பாரம் நீங்கியதும், படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து உட்கார்ந்து பேசுவதும் உண்டு. மூளை ஆபரேஷன்களில் இது எளிய ஆபரேஷன் என்று சொல்லப்படுகிறது.

எளிதுதான். ஆனால் துளை விழுகிற அந்த ஒரு நிமிடம்?

மண்டை ஓட்டின் கனம் பல இடங்களில் 6, 7 மில்லி மீட்டர்தான். சுண்டு விரலின் அகலம்கூட இல்லை! மேலே கெட்டியான எலும்பு, நடுவே கடற்பஞ்சு போன்ற எலும்பு, கீழே மறுபடியும் கெட்டி எலும்பு. அதற்கு அடியில் 'டியூரா' என்னும் உறை. அந்த உறைக்குள்ளேதான் மூளை இருக்கிறது.

கெட்டி எலும்பைத் துளைக்க டாக்டர் பலமாக அழுத்தியே ஆக வேண்டும். எலும்பு முடிந்த அதே கணத்தில் அழுத்துவதை நிறுத்தியும் ஆக வேண்டும். தச்சர் பலகையில் துளை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். பலகை தீரும்போது துரப்பணம் 'படக்'கென்று மறுபக்கம் பாயும். எவ்வளவு கைதேர்ந்த தச்சராக இருந்தாலும் பாயத்தான் செய்யும். அவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. பலகைக்கு அப்பால் காற்றுதானே இருக்கிறது?

கிரேக்கர் கண்ட வழி

இந்தப் பயம் இன்று நேற்று வந்தது அல்ல. ஹிப்பாகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில், தலைக் காயத்தைப் பற்றியே ஒரு நூல் இருக்கிறது. 'துளைக்கும் கருவியை அடிக்கடி வெளியே எடு. குளிர்ந்த நீரில் முக்கு. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கம்பி விட்டுப் பார்' என்ற கருத்தில் அது யோசனை சொல்கிறது.

தண்ணீர் எதற்கு? எலும்பு சூடாகிவிடக் கூடாது என்பதற்காக! எவ்வளவு சூடு ஆகாது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் முயல்களிடம் சோதித்து வெளியிட்டார்கள். 47 டிகிரி சென்டிகிரேடு சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குக் கேடு என்று கண்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்ற வைத்தியரை மெச்சத்தான் வேண்டும்.

ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ், உளியால் எலும்பை வெட்டும்போது மூளையின் உறைக்கு மேலே செருகிக்கொள்ள ஒரு வெண்கலத் தகட்டை விவரித்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் கேலன் என்ற புகழ் பெற்ற வைத்தியர், முனைக்கு மேலே விளிம்பு வைத்த துளைப்பானைக் குறிப்பிடுகிறார். விளிம்பு எலும்பில் முட்டிக்கொண்டால் முனை அதற்கு மேல் இறங்காது. அதன் கிரேக்கப் பெயருக்கு 'அமிழாதது' என்று பொருள்.

இதில் ஒரே ஒரு குறை. விளிம்பை எந்த உயரத்தில் வைப்பது? ஆளுக்கு ஆள் ஓட்டின் கனம் வேறு. ஒரே தலையில்கூட இடத்துக்கு இடம் வேறு!

கருவிக்குள் இருக்கும் சூட்சுமம்

இன்றைய துளைப்பான் அந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. கனத்தை அது அளப்பதே இல்லை. எதிர்ப்பு இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் பார்க்கிறது.

அதன் முனை ஒன்றல்ல, இரண்டு. நடுவே ஒரு சிறிய முனை. அதைச் சுற்றிக் குழாய் போல ஒரு பெரிய முனை. சிறியது கொஞ்சம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். கருவியைச் சும்மா கையில் பிடித்திருந்தால் மோட்டார் சுழன்றாலும் முனைகளுக்கு அந்தச் சுழற்சி போகாது. எலும்பின் மேல் வைத்து அழுத்தினால்தான் சிறிய முனை பின்னே தள்ளப்பட்டு, உள்ளே இருக்கும் கிளட்சின் பற்களோடு மாட்டிக்கொள்கிறது. உடனே இரண்டு முனைகளும் சேர்ந்து சுழன்று எலும்பைக் குடைகின்றன.

சிறிய முனை எலும்பின் அடிப்பக்கத்தை எட்டி வெளியே வந்ததும் அதற்கு எதிர்ப்பு இல்லாமல் போகிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை முன்னே தள்ளுகிறது. பற்கள் விலகுகின்றன. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. டாக்டரின் கையும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் முனைகள் நின்றுவிடுகின்றன!

கை அழுத்தும் வேகத்தில் கருவி உள்ளே பாயாதா? பெரிய முனை குடைந்த இடத்தில் அடியில் ஒரு விளிம்பு எலும்பு மிஞ்சி இருக்கிறது. கருவி அதன் மேல் உட்கார்ந்துவிடும். கேலன் காலத்து விளிம்பு கருவியில் இருந்தது. இங்கே எலும்பிலேயே விளிம்பை அமைத்துக்கொள்கிறது கருவி. மிஞ்சிய எலும்பை டாக்டர் பிறகு சின்னக் கருவியால் பக்குவமாக எடுத்துவிடுவார்.

எப்போது ஏமாற்றும்?

இவ்வளவு சாமர்த்தியமான கருவியும் சில சமயம் நிற்காமல் போனதாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்திருக்கின்றன. கருவியை நேர் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்தால், ஒரு பக்கம் எலும்பு தீர்ந்தும் மறுபக்கம் தீராமல் இருக்கும். கருவிக்கு இன்னும் எதிர்ப்பு இருப்பதாகத் தோன்றும். துளைக்கும்போது ஆட்டி அசைத்தாலும் இதே கதை. குழந்தைகளின் மெல்லிய ஓட்டில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வயதானவர்களுக்கோ டியூரா உறை எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். கருவி சரியாக நின்றாலும் உறை கிழிய இடம் உண்டு. முனை மழுங்கினால் அதிகமாக அழுத்த வேண்டிவரும், சூடும் ஏறும். இந்த முனைகளில் பல ஒரே தடவைதான் உபயோகிக்க வேண்டியவை.

ஆக, கருவிக்குத் தெரிவது ஒரே ஒரு விஷயம். மற்றவை எல்லாம் டாக்டர் கையில்தான்.

'கிளிக்' என்னும் திருப்புளி

அளவுக்கு மீறிய பலம் நோயாளியைத் தாக்காமல் கருவியோடு நிற்க வேண்டும் என்ற இதே எண்ணத்தில், எலும்பு முறிவு ஆபரேஷனுக்கும் ஒரு திருப்புளி இருக்கிறது.

1958-ல் சுவிட்சர்லாந்தில் சில எலும்பு டாக்டர்கள் கூடி 'ஏ.ஓ.' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். முறிந்த எலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கும் முறை உலகமெங்கும் பரவ அந்தக் குழு முக்கிய காரணம். பின்னாளில் வந்த ஒருவகைத் தகட்டில் துளைக்கும் மரை உண்டு. திருகாணியின் தலைக்கும் மரை உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பலமில்லாத எலும்பிலும் அசையாமல் பிடிக்கும்.

பிடிப்பது நல்லதுதான். பிடித்தது பிறகு விட வேண்டுமே! டைட்டேனியம் திருகாணியை மிதமிஞ்சி முடுக்கினால் இரண்டு மரையும் நசுங்கி, வெல்டு வைத்தது போல ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் கழித்துத் தகட்டை எடுக்கப் போகும்போது திருகாணி சுழலாது. அதன் தலைக்குழி தேய்ந்துபோகும். கடைசியில் தலையை அரைத்தோ, தகட்டையே அறுத்தோ எடுக்க வேண்டும். உலோகத் தூள் சதையில் சிதறும். அரை மணி நேர வேலை பல மணி நேரமாக நீளும்.

அதனால் இந்தத் திருப்புளியின் பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். 3.5 மில்லி மீட்டர் திருகாணிக்கு வழக்கமான அளவு 1.5 நியூட்டன் மீட்டர். 10 சென்டி மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறுகிற முறுக்கு அது. 5 மில்லி மீட்டர் திருகாணிக்கு 4 நியூட்டன் மீட்டர். அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். அதற்கு மேல் பயில்வான் திருகினாலும் பிடிதான் வழுக்கும், திருகாணி நகராது. மின்சார டிரில்லால் திருகாணியை உள்ளே செலுத்தினாலும் கடைசிச் சுற்றுகளைக் கையால், இந்தத் திருப்புளியால்தான் முடுக்க வேண்டும் என்பது விதி.

எலும்பை மட்டும் பிடிக்கும் சாதாரணத் திருகாணிக்கு இப்படி ஒரே அளவு சொல்ல முடியாது. இருபது வயது எலும்பு தாங்கும் முறுக்கை எழுபது வயது எலும்பு தாங்காது. அங்கே டாக்டரின் விரல் உணர்ச்சியே கணக்கு.

வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷனுக்கான இடுக்கிகளிலும் இதே தத்துவம் உண்டு. முழ நீளத் தண்டின் மறு நுனியில் குடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குச் சரியாகத் தெரியாது. சில இடுக்கிகளில் பிடிக்கும் தாடைக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். கை எவ்வளவு இறுக்கினாலும் மிகுதியான பலத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். குடலும் நசுங்காது, தாடையின் ஆணி முறிந்து வயிற்றுக்குள் விழும் ஆபத்தும் குறையும்.

ஸ்பிரிங்கும் களைத்துப்போகும். ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் முன்னால் நீராவியில் வெந்து வெந்து அதன் அளவு மாறலாம். 'கிளிக்' சத்தம் 1.5-ல் கேட்டதா, 2-ல் கேட்டதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே குறித்த காலத்தில் திருப்புளியைச் சோதனைக்கு அனுப்பித் தேதி போட்டு வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு.

தகடு வைத்துக்கொண்டவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனியின் தகடு, எந்த அளவுத் திருகாணி என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டை எடுக்கும் நாளில் அதைப் பார்த்துத்தான் டாக்டர் சரியான திருப்புளியை எடுத்து வைக்கச் சொல்வார்.