விருந்து பெரிதா, விழா பெரிதா?

துயரத்தை நான்கு சுவர்களுக்குள் அடக்கிக்கொள்ளும் குடும்பமும் மகிழ்ச்சியை அவ்வாறு அடக்கிக்கொள்வதில்லை. மகளுக்கு நல்ல இடம் அமைந்தது என்றாலும், மருமகள் பிள்ளை பெற்றாள் என்றாலும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க நம்மால் முடியாது. முதிர்ந்த வயதில் எலிசபெத்து அம்மாள் மகனைப் பெற்றெடுத்தபோது அக்கம்பக்கத்தாரும் உறவினரும் அறிந்து அவரோடு சேர்ந்து மகிழ்ந்தனர் என்று லூக்கா நற்செய்தியாளர் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவருக்கு வழி ஆயத்தம் செய்ய வந்தவரின் வரலாறே உறவினர் கூடிய ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே உற்றார் சூழ விழா எடுப்பதை வெறும் உலக ஆசை என்று ஒதுக்கிவிடலாகாது. அது விசுவாசக் குடும்பத்தின் பழம்பெரும் வழக்கம்.

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரைகளில், 1923-இல் அமைந்த தூத்துக்குடி மறைமாவட்டத்திலும் 1973-இல் அமைந்த பாளையங்கோட்டை மறைமாவட்டத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வழக்கத்தைப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் காலமாக ஒரு கேள்வி நம் முன் எழுந்து நிற்கிறது. நிச்சயதார்த்தமும் திருமுழுக்கும் எதற்காக ஏற்பட்டனவோ, அதனையே விழுங்கிவிடும் அளவுக்கு விருந்து வளர்ந்துவிட்டதோ என்பதே அக்கேள்வி.

தாம்பூலம் சொல்லும் செய்தி

நிச்சயதாம்பூலம் என்ற சொல்லை எண்ணிப் பார்ப்போம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பெரியோர் முன்னிலையில் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொள்கின்றனர். அவ்வளவில் பேச்சு உறுதியாகிறது. பட்டு, பொன், மேடை, விளக்கு என்பனவெல்லாம் பின்னர் வந்து சேர்ந்தவை. வாக்கும் அவ்வாக்குக்குச் சாட்சியுமே அதன் உயிர்நிலை. நமது ஆற்றுப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அவ்வெற்றிலைக்குப் பெருமை சேர்ப்பது, அதைக் கையில் வாங்கியவர் சொல் மாறமாட்டார் என்று ஊரார் வைத்த நம்பிக்கையே.

சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடையில் ஆற்றோரக் கோரையைக் கொண்டு நெய்யும் பாய்கள் உலகப் புகழ் பெற்றவை. மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே இழைத்துத் தரும் கலை அவ்வூருக்கு உரியது. நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். அப்பாயை விரித்து அமர்பவர்களோ எல்லாச் சமயத்தினரும். ஒரு வீட்டு மணப்பேச்சில் ஊர் முழுவதற்கும் பங்குண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திருச்சபையும் இதே உணர்வோடு நடந்து வந்திருக்கிறது. மணம் செய்யவிருப்போரின் பெயர்களைக் கோவிலில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. மூன்று திருநாட்களில் அறிவிக்குமாறு 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் வரையறுத்தது. ‘ஓலை வாசித்தல்’ என்று நம் மூத்தோர் கூறும் வழக்கம் அதுவே. தடை ஏதும் இருப்பின் அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். எனவே நிச்சயத்துக்கு வரும் சித்தப்பாவும் பெரியம்மாவும் வெறும் விருந்தினர் அல்லர், அவர்கள் சாட்சிகள். பையனின் குணம் என்ன, குடிப்பழக்கம் உண்டா, பெண் மனம் ஒப்பித்தான் அமர்ந்திருக்கிறாளா என்பனவற்றைக் கேட்டறியும் கடமை அவர்களுக்கு உண்டு. இலையில் அமர்ந்து உண்டுவிட்டு, பின்னர் ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று கூறும் உறவினர் தம் கடமையில் தவறியவரே.

‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை

மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. வேறு எந்த மனித அதிகாரமும் அச்சம்மதத்தின் இடத்தை நிரப்ப இயலாது. இது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தரும் தெளிவான போதனை. அதே சட்டத்தொகுப்பு நிச்சயத்தைப் பற்றியும் பேசுகிறது. நிச்சயம் செய்துகொண்டதைக் காரணம் காட்டி ஒருவரைத் திருமணத்துக்குக் கட்டாயப்படுத்த வழக்குத் தொடுக்க முடியாது. நேர்ந்த இழப்புக்கு ஈடு கோர மட்டும் இடமுண்டு என்று அதன் 1062-ஆம் சட்டம் கூறுகிறது. நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட காலம், இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்து, செபித்து, தெளிந்து முடிவு செய்வதற்கான காலம் என்பதே இதன் பொருள்.

இக்காலத்தை நாம் என்ன செய்துவிட்டோம்? மண்டபம் எடுத்து, ஆயிரம் பேருக்குப் பந்தி வைத்து, தெருமுனையில் இருவரின் படத்தையும் பெரிய பலகையில் ஏற்றிவிடுகிறோம். அதன் பின்னர் அப்பெண், ‘அம்மா, இந்த இடம் எனக்குச் சரியாகத் தோன்றவில்லை’ என்று வாய் திறக்க முடியுமா? பையனின் முரட்டுக் குணம் இடையில் வெளிப்பட்டாலும், ‘இத்தனை செலவு செய்துவிட்டோமே, ஊர் என்ன சொல்லும்?’ என்று பெற்றோரே அவள் வாயை அடைத்துவிடுகின்றனர். விருந்து பெருத்தது; அதனால் பெண்ணின் சுதந்திரம் சிறுத்தது. நிச்சயம் முறிந்த வீட்டை ஏளனமாகப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தவறான திருமணம் ஒன்று நிற்பதைக் காட்டிலும், தவறான நிச்சயம் ஒன்று நிற்பது நூறு மடங்கு நன்று என்பதை நம் குடும்பங்கள் உணர வேண்டும்.

நிச்சயம் செய்துகொண்டவருக்கான ஆசீரை 1984-இல் உரோமையில் வெளியிடப்பட்ட ஆசீர் நூல் தருகிறது. குடும்பத்தார் மட்டும் கூடியிருக்கையில் பெற்றோரே அதனை நடத்தலாம்; திருமணக் கொண்டாட்டம்போல் தோன்றாதிருக்கும் பொருட்டு அதனைத் திருப்பலியோடு இணைத்து நடத்தலாகாது. நிச்சயம் நிச்சயமாகவே இருக்கட்டும் என்பதில் திருச்சபைக்கு எவ்வளவு கவனம், பாருங்கள்!

இதனோடு வரதட்சணையையும் சொல்லாமல் விட முடியாது. 1961-ஆம் ஆண்டே அதனைக் கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் குற்றம் என்று நாட்டின் சட்டம் கூறிவிட்டது. ஆயினும் ‘நீங்கள் உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்’ என்ற இனிய சொல்லில் அது உயிர் வாழ்கிறது. அச்சொல் பேசப்படுவது பெரும்பாலும் நிச்சயத்தின்போதே. அங்கு வாய் மூடி அமர்ந்திருக்கும் உறவினர் கூட்டமும் அப்பாவத்தில் பங்கு பெறுகிறது.

கொம்புதுறையின் ஒரு வீடு

இனி, குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவோம். நமது ஆறு கடலைச் சேரும் பகுதியில், காயல்பட்டினத்தை அடுத்துள்ளது கொம்புதுறை. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து எழுதிய மடலில், வழியில் கண்ட ஒரு பிற சமயத்தவரின் ஊரைக் குறிப்பிடுகிறார். கொம்புதுறையே அவ்வூர் என்பது மரபு. அங்கு ஒரு பெண் மூன்று நாட்களாகப் பேறுகால வேதனையில் துடித்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை பலருக்கும் அற்றுப்போயிற்று. மொழி அறிந்த துணைவர் ஒருவரோடு சவேரியார் அவ்வீட்டுக்குச் சென்றார். விசுவாச உண்மைகளை அவளுக்கு எடுத்துரைத்தார். அவள் விரும்பி ஏற்றதும் திருமுழுக்கு அளித்தார். உடனே அவள் நலமாகப் பிள்ளை பெற்றாள். அதன்பின் கணவனும், மற்றப் பிள்ளைகளும், அன்று பிறந்த அக்குழந்தையும் திருமுழுக்குப் பெற்றனர். செய்தி ஊர் முழுவதும் பரவியது.

அவ்வீட்டில் பந்தலும் இல்லை, பரிசும் இல்லை. தாய் பிழைத்தாள், பிள்ளை பிறந்தது, குடும்பம் இறைவனுடையதாயிற்று. பேறுகால விழாவின் சாரம் இம்மூன்றுமே அன்றோ?

சிசுவுக்கு முதல் சீர்

பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டித் தருவதும், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் வாங்கி வருவதும் நம் பகுதியின் அன்பு வழக்கங்கள். அவை நீடிக்கட்டும். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வது நலம். பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் சர்க்கரை நீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தருவதும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றையே தருவதும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. தேனோ, ஒரு வயது நிரம்பும்வரை ஆகாது. சிசுவுக்குக் கடும் நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். சீம்பாலே இறைவன் வைத்த சேனை. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உரிய மரியாதை குறையாதிருக்க, கைகளைக் கழுவிவிட்டுக் குழந்தையின் நெற்றியில் அவர்கள் சிலுவை வரையட்டும். திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் குருவும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் செய்வது அதுவே அல்லவா?

அத்திருமுழுக்கை எப்போது நடத்துகிறோம்? பிறந்த சில வாரங்களுக்குள் நடத்தப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்று 867-ஆம் சட்டம் கூறுகிறது. நாமோ, மண்டபம் கிடைக்கவில்லை, பணம் சேரவில்லை, வளைகுடாவிலிருந்து மாமாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று மாதங்களைத் தள்ளிக்கொண்டே போகிறோம். தந்தையே தொலைவில் உழைக்கும் குடும்பத்தின் ஏக்கத்தை நாம் அறியாதவர் அல்லோம். அதற்குப் பங்குத்தந்தையோடு கலந்து நாள் குறிக்கலாம். ஆனால் பிரியாணிக்குப் பணம் சேரும்வரை ஒரு குழந்தையை இறைவனின் பிள்ளையாகாமல் காத்திருக்க வைப்பது எந்த நியாயம்? நிச்சயத்தில் பெண்ணின் சுதந்திரத்தை உண்ட விருந்து, இங்கே குழந்தையின் காலத்தை உண்கிறது. அண்மையில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இயன்றவரை ஒரே நாளில் பொதுவாகத் திருமுழுக்கு அளிக்குமாறு 1969-ஆம் ஆண்டின் திருமுழுக்குச் சடங்கு நூல் பரிந்துரைக்கிறது. அந்நாளில் வசதியுள்ளவர் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே தொட்டியருகில் நிற்கட்டும். விருந்து, பங்கு முழுவதற்கும் ஒரு தேநீராக அமையட்டும்.

ஞானப்பெற்றோரைத் தெரிவதிலும் இதே விழிப்பு தேவை. சங்கிலி போடுபவர் யார் என்று தேடாமல், பிள்ளைக்குச் செபம் சொல்லித் தருபவர் யார் என்று தேட வேண்டும். வடக்கன்குளத்தில் 1745 மே 14 அன்று பரஞ்சோதி நாதர் என்று மக்கள் அழைத்த புத்தாரி அடிகளாரின் கையால் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டர், இலாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று தாங்கினார். 1752-இல் அப்பெயருக்காகவே உயிர் கொடுத்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். பொருள் அறிந்து இடும் பெயர் ஒரு வாழ்வையே தாங்கும். பொருள் விளங்காத புதுமைப் பெயர்களைத் தேடுவோர் இதனைச் சிந்திக்கட்டும்.

வாசலுக்கு வெளியே நிற்பவர்

விழாவின் தரத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு: உள்ளே எத்தனை பேர் என்று எண்ணாமல், வெளியே யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். வளைகாப்பில் வளையல் போடக் குழந்தையில்லாத அத்தையை அழைப்பதில்லை. தட்டு எடுக்கக் கணவனை இழந்த சித்தியை விடுவதில்லை. சீர் செய்ய வகையற்ற தாய்மாமன் காய்ச்சல் என்று சொல்லி வராமலே இருந்துவிடுகிறார். கருச்சிதைவால் கலங்கிய தாயிடம் ஆறுதல் சொல்ல நாம் போவதே இல்லை. பெண் குழந்தை பிறந்தால் இனிப்புப் பெட்டி சிறிதாகிவிடுகிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பிறந்த பின் முகம் சுளிப்பதைத் தடுக்க எச்சட்டத்தால் முடியும்?

ஆண்டவர் இயேசு குழந்தையாய்க் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவரை மகிழ்ந்து வரவேற்றவருள் ஒருவர், எண்பத்து நான்கு வயது அன்னா என்ற கைம்பெண். அன்று அவருடைய பெற்றோர் தந்த காணிக்கை, ஏழைகளுக்கென விதிக்கப்பட்ட இரு பறவைகள். யோவானைப் பெற்று ஊரை மகிழ்வித்த எலிசபெத்தும் அதுவரை மலடி என்று பழிக்கப்பட்டவரே. நாம் அமங்கலம் என்று விலக்குவோரையே இறைவன் தம் விழாவில் முன்வரிசையில் அமர்த்தினார்.

ஆதலால், அன்பு வாசகர்களே, அடுத்த விழாவுக்கு நாள் குறிக்கும்போது செலவுக் கணக்கை எழுதும் முன்னர் வேறொரு பட்டியலை எழுதுவோம். நிச்சயம் என்றால், பெண்ணும் பையனும் தனியே மனம் திறந்து பேசினரா என்று முதலில் கேட்போம். குழந்தை என்றால், கோவிலில் நாள் குறித்த பின்னரே சமையற்காரரிடம் நாள் கேட்போம். இரண்டுக்கும், இதுவரை நாம் அழைக்கத் தயங்கிய ஒருவரின் வீட்டுக்கு நாமே நேரில் சென்று வெற்றிலை வைத்து அழைப்போம். வட்டிக்கு வாங்கிய விருந்து மறுநாளே மறந்துபோகும். அவ்வாறு அழைக்கப்பட்டவர் மனம் குளிர்ந்து தரும் ஆசீரோ, அக்குடும்பத்தில் தலைமுறைதோறும் தங்கும்.