லஷ்கரும் லைசென்சும்

ஹுசைன் சாகரின் தென்கரையில் ஒரு சட்டம், வடகரையில் இன்னொரு சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கவும் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் இதுதான் நிலைமை. தெற்கே ஹைதராபாத் நகரம். அங்கே நிஜாமின் கொத்வால் வைத்ததுதான் சட்டம். வடக்கே செகந்திராபாத், அங்கே போலீசும் கோர்ட்டும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையில். ஏரிக்கட்டின் மேல் நடந்து மறுகரைக்குப் போனால் ஆட்சியே மாறிவிடும்.

இன்று இந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் வர்ஜீனியாவிலிருந்து வரும் ஒரு செய்தி, அந்தப் பழைய ஏரிக்கரையை ஞாபகப்படுத்துகிறது. மாநில அரசு துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தால், "அந்தச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது, இது துப்பாக்கி உரிமையின் புகலிடம்" என்று அங்கே கவுண்டி சபைகள் தீர்மானம் போடுகின்றன. நம் கணக்கில் சொன்னால், ஒரு ஜில்லா பரிஷத் கூடி உட்கார்ந்து ஆயுதச் சட்டத்தை ஏற்க மாட்டோம் என்பதற்குச் சமம். இந்தியாவில் இப்படி ஓர் உள்ளாட்சியை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் ஊருக்கு ஊர், கரைக்குக் கரை ஆயுத நியாயம் மாறிய காலம் ஒன்று இங்கேயும் இருந்தது. செகந்திராபாத் அந்தக் காலத்தின் சாட்சி.

பீரங்கிக்குப் பிறந்த ஊர்

ஹைதராபாத்தில் அபிட்ஸ் பக்கம் 'கன்ஃபவுண்ட்ரி' என்றொரு இடம் உண்டு. உருதுவில் 'தோப் கா சாஞ்சா'. நிஜாம் படையில் தளபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமண்ட் பீரங்கி வார்த்த இடம் அது. பிரெஞ்சு அதிகாரிகள் பழக்கிய சுமார் 14,000 பேர் கொண்ட படை நிஜாமிடம் இருந்தது. திப்புவோடு கடைசிப் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது தொண்டையில் சிக்கிய முள். 1798 மார்ச்சில் ரேமண்ட் இறந்தார். செப்டம்பரில் நிஜாமோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அக்டோபரில் அந்தப் படை ஆயுதம் களையப்பட்டது. அதன் இடத்தில், நிஜாமின் செலவில், கம்பெனிப் படை வந்து ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்தது. 1806-ல் அந்தப் பாளையத்துக்கு மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் வைக்கப்பட்டது.

ஜனங்கள் அதை 'லஷ்கர்' என்றார்கள். படை முகாம் என்று பொருள். உஜ்ஜயினி மகாகாளி கோயிலில் ஆஷாட மாதம் நடக்கும் விழாவுக்கு இன்றும் 'லஷ்கர் போனாலு' என்றுதான் பெயர். தமிழர்கள் இங்கே வேர்பிடித்ததும் மதராஸ் படையின் வால் பிடித்துத்தான். சிப்பாய்கள் வந்தார்கள், பின்னாலேயே குமாஸ்தாக்கள், சப்ளை காண்ட்ராக்டர்கள், வியாபாரிகள். திவான் பகதூர் பத்மராவ் முதலியார் பெயரில் பத்மராவ் நகர் இன்றும் இருக்கிறது.

யாருடைய ஆள் நீ?

அன்று தென்கரையில் ஆயுதம் யார் கையில் இருந்தது? அரசின் கையில் மட்டும் இல்லை. ஜாகிர்தார்கள், நவாபுகளின் 'தேவடி' எனப்படும் மாளிகைகள் ஒவ்வொன்றிலும் சொந்தக் காவல்படை. அரேபியர், ரோஹில்லாக்கள், பட்டாணியர் என்று கூலிப்படைகள். இவர்களில் அரபுத் தலைவர்கள் பிரபுக்களுக்கே கடன் கொடுக்கும் லேவாதேவிக்காரர்கள். கடன் திரும்பாவிட்டால் ஆளைப் பிடித்து வைத்து வசூலிக்கும் அளவுக்குத் துணிச்சல். பழைய நகரத்தின் தெற்கே உள்ள பார்க்கஸ், அந்த அரபு வீரர்களின் குடியிருப்பு. 1853-ல் திவான் ஆன சாலார் ஜங், முப்பது ஆண்டுக் காலப் பதவியில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று இவர்களை அடக்கியது. தனியார் கையில் இருந்த கடன் வசூல் அதிகாரத்தைப் பறித்தார், போலீசை உருவாக்கினார். துப்பாக்கி வைத்திருக்க அந்த நகரில் ஒருவன் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: நீ யாருடைய ஆள்?

வடகரையில் கேள்வி வேறு: நீ எந்தச் சீருடை? 1857 ஜூலை 17 அன்று துர்ரே பாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு ஹைதராபாத் பக்கம் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியைத் தாக்கினார்கள். தாக்குதல் முறியடிக்கப்பட்டது, ஆனால் பயம் போகவில்லை. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் திருமலகிரியில் ஒரு பெரிய அரண் எழுந்தது. ஆபத்து வந்தால் ஐரோப்பியர் ஒதுங்க ஓர் இடம். உண்மையான அர்த்தத்தில் புகலிடம் என்றால் அதுதான். துப்பாக்கி அதற்குள்ளே, அதைப் பார்த்து அஞ்ச வேண்டியவர்கள் வெளியே.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ல் லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டம் இதே மனநிலையை எழுத்தில் வைத்தது. இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டது; இளைஞர் பிபின் சந்திர பால் அதற்காகப் பேசினார். ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று 1918-ல் காந்தியே இதைக் கடுமையாகச் சாடினார், அதுவும் படைக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது. வெள்ளைக்காரன் இடுப்பில் தொங்குவது என் இடுப்பில் ஏன் கூடாது என்ற மானப் பிரச்சினையாகத்தான் அன்று துப்பாக்கி உரிமை பேசப்பட்டது.

1948

செகந்திராபாத்தின் சிவில் பகுதிகளை 1945 இறுதியில் பிரிட்டிஷார் நிஜாமிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஏரிக்கரை எல்லை அழிந்தது. ஆனால் அடுத்த மூன்று வருஷம் துப்பாக்கிக்குக் கணக்கே இல்லாமல் போனது. நிஜாம் இந்தியாவோடு சேராமல் நிற்க, அவருக்கு ஆதரவான காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படையினர் ஊர் ஊராக ஆயுதத்தோடு திரிந்தார்கள். தெலங்கானா கிராமங்களில் நிலக்கிழார் வீட்டுத் துப்பாக்கியைப் பறித்துக் கம்யூனிஸ்ட் ஆயுதக் குழுக்கள் சண்டையிட்டன. ஆஸ்திரேலிய விமானி சிட்னி காட்டன், லங்காஸ்ட்ரியன் விமானங்களில் கராச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஆயுதம் கடத்தினார். யார் சட்டம் யாருக்குச் செல்லும் என்பதற்குப் பதில் இல்லாத ராஜ்ஜியத்தில் அந்தந்தத் துப்பாக்கியே அந்தந்தச் சட்டமானது. அந்தச் சமஸ்தானத்துக் கிராமங்களில் இரு தரப்பாலும் செத்தவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத ஜனங்கள்.

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. 18-ம் தேதி நிஜாம் படையின் தளபதி எல் எட்ரூஸ், மேஜர் ஜெனரல் சௌத்ரியிடம் சரணடைந்தார். கம்யூனிஸ்டுகள் ஆயுதப் போராட்டத்தைக் கைவிட 1951 அக்டோபர் ஆயிற்று.

அந்தச் சரணடைவுக்கு மூன்று மாதம் ஆவதற்குள், டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் எழுந்து, கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கோரினார். சபை ஏற்கவில்லை. மாறாக, அமைதியாகக் கூடும் உரிமையைத் தந்த 19-வது பிரிவிலேயே 'ஆயுதமின்றி' என்ற நிபந்தனை ஏறியது. அடிமை நாட்டில் மானமாகத் தெரிந்தது, சொந்த நாட்டில் ஆபத்தாகத் தெரிந்தது.

இன்றைய கேள்வி

1959-ல் நிறைவேறி 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. இன்று செகந்திராபாத்தில் ஒருவருக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால், மனு போலீஸ் கமிஷனருக்குப் போகும். கமிஷனரேட் இல்லாத மாவட்டங்களில் கலெக்டருக்கு. ஏன் வேண்டும், உயிருக்கு என்ன ஆபத்து, வழக்கு ஏதும் உண்டா என்று போலீஸ் விசாரிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருந்த இடத்தில் இரண்டுதான். லைசென்ஸ் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து. அந்த மசோதாவில் முதலில் ஒரே துப்பாக்கி என்றுதான் இருந்தது. பரம்பரைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பக்கம் நின்று பேசிய எம்.பி.க்கள் அதை இரண்டாக்கினார்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட இரண்டு வருஷம் வரை சிறை. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும்.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இந்த எண்ணிக்கைகளில் இல்லை. லைசென்ஸ் மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது 14-வது பிரிவு. மேல்முறையீட்டுக்கு 18-வது பிரிவு இடம் தருகிறது. தேவடி வாசலில் நின்றவனுக்கு மேல்முறையீடு கிடையாது. அதேசமயம், கிடைத்தது உரிமையும் ஆகவில்லை. 2023 பிப்ரவரியில் ஒரு ஜாமீன் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப்போல் இங்கே ஆயுதம் அடிப்படை உரிமை அல்ல என்று தெளிவாகச் சொன்னது.

ஊரின் முகமும் மாறிவிட்டது. ஆர்டினன்ஸ் கோர் சென்டரும் இ.எம்.இ. சென்டரும் இருக்கும் செகந்திராபாத்தில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை 'கோத்' எனப்படும் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். டியூட்டி முடிந்தால் ஜவான் வெறுங்கையோடுதான் வீடு போக வேண்டும். தெருவில் கண்ணில் படும் துப்பாக்கி, நகைக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தாரின் இரட்டைக்குழல். இளம் தலைமுறைக்குத் துப்பாக்கி என்றால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கும், ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் நான்கு பதக்கம் வென்ற ஈஷா சிங்கும்தான்.

செகந்திராபாத்தின் ராணுவப் பகுதியை நிர்வகிக்கும் கண்டோன்மென்ட் போர்டு? தண்ணீர், தெருவிளக்கு, வீட்டு வரி, பில்டிங் பிளான் வரைதான் அதன் கை நீளும். அதன் தலைவர் பதவி ராணுவ அதிகாரிக்கு. 2015-க்குப் பிறகு அங்கே தேர்தல் இல்லை. 2023 ஏப்ரல் 30-க்கு அறிவித்த தேர்தலும் மார்ச்சிலேயே ரத்தானது. தன் தேர்தல் தேதியைத் தானே வைக்க முடியாத சபை, துப்பாக்கிச் சட்டத்தைத் தள்ளி வைப்பது எங்கே?

மேலிருந்தும் கீழிருந்தும்

இந்தியாவில் இடத்தைப் பொறுத்துத் துப்பாக்கி நியாயம் மாறும் ஊர் இன்றும் உண்டு: குடகு. கொடவர்களும், ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை உடையவர்களும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம். கைல்போது விழாவில் அதைப் பூ வைத்து வணங்குகிறார்கள். 1834-ல் குடகைச் சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷார் பிற்பாடு தந்த விலக்கு, சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. 2019 அக்டோபரில் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் போட்ட வழக்கில், 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. ஆனால் கவனிக்க வேண்டியது, அதை அறிவித்தது குடகின் மடிக்கேரி நகரசபை அல்ல. ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி டெல்லி அரசிதழில் வெளியிட்டது. தேதி முடிந்தால் மறுபடி டெல்லிதான் மனசு வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் போக்கு தலைகீழ். 2018 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் எஃபிங்கம் கவுண்டி துப்பாக்கிப் புகலிடத் தீர்மானத்தைத் தொடங்கி வைத்தது; குடியேறிகளுக்குப் புகலிடம் என்று சிகாகோ போன்ற நகரங்கள் அறிவித்த உத்தியையே திருப்பிப் போட்டது. 2019 நவம்பரில் வர்ஜீனியா சட்டசபை டெமாக்ரடிக் கட்சி வசமானதும், சில மாதங்களில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் தீர்மானம் போட்டன. மாநில அட்டர்னி ஜெனரல் இவற்றுக்குச் சட்ட பலம் இல்லை என்றார். ஆரிகனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் அப்படிப்பட்ட ஒரு கவுண்டிச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. மிஸௌரி மாநிலமே மத்தியச் சட்டத்தை மறுத்து 2021-ல் போட்ட சட்டமும் கோர்ட்டில் நிற்கவில்லை. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிஃப் "நான் அமல்படுத்த மாட்டேன்" என்றால் கோர்ட் தீர்ப்பு காகிதத்தில் நின்றுவிடும். எந்தச் சட்டம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களே முடிவு செய்யும் நிலைமை, ஹைதராபாத் பார்த்து முடித்த ஒன்று.

அதற்காக நம் பக்கம் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. அரசு தரும் சலுகை என்றால் சிபாரிசு அதன் கூடவே பிறக்கும். 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதிக் கொடுக்கும் வியாபாரிக்கும் அதே ஆபத்திலிருக்கும் சாதாரண ஆளுக்கும் ஒரே வேகத்தில் ஃபைல் நகர்கிறதா என்பது நியாயமான கேள்வி. 'நீ யாருடைய ஆள்' என்ற தேவடிக் காலத்துக் கேள்வி அங்கே இன்னும் முழுசாகச் சாகவில்லை.

கண்டோன்மென்ட்டின் சிவில் பகுதிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு சில வருஷமாக நடக்கிறது. பீரங்கிக்காகப் போட்ட கடைசிக் கோடும் அழியலாம். கூட்டங்களில் மக்கள் கேட்பது, ராணுவம் மூடிய ரோடு திறக்குமா, குழாயில் தண்ணீர் தினமும் வருமா, வீட்டு வரி ஏறுமா என்பதைத்தான். துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. லஷ்கர் என்று பெயர் எடுத்த ஊருக்கு, இருநூறு வருஷத்தில் கிடைத்த லாபம் அது.