தறி வேறு, நாடா வேறு

நாடா பழுதுபட்டால் நாடாவை மாற்றுகிறோம். அதற்காகத் தறியையே மாற்றுவார் எவருமிலர். ஆயினும், சங்க அலுவலகத்தில் இணைய இணைப்பு நின்றுபோனால் நாம் தறியை மாற்றுகிறவர்களாகிவிடுகிறோம். கண்டாங்கிச் சேலைகளுக்கான ஆர்டர்களும் கூலிப் பட்டுவாடாவும் இன்று இவ்விணைப்பை நம்பியிருத்தலால், இதன் அமைப்பை அங்கத்தினர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

நிலையத்திலிருந்து ஒரு கண்ணாடி இழையின் வழியே ஒளி வருகிறது. வழியில் ஒரு பிரிப்பான் அதனை 32 அல்லது 64 கிளைகளாகப் பகிர்கிறது. கண்மாய் மடையிலிருந்து வாய்க்கால்கள் பிரிவதுபோல இது நடைபெறுகிறது; பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. நிலையம் அனுப்பும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளமும், நாம் திருப்பி அனுப்பும் ஒளி 1310 நானோமீட்டர் அலைநீளமும் உடையவை. ஆதலின் ஒரே இழையில் இரண்டும் மோதாமல் செல்கின்றன. நம் பக்கத்துப் பெட்டிகள் முறைத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகவே அனுப்பவேண்டும். ஒரு பெட்டி முறைதவறி ஒளி வீசினால், அக்கிளைகளிலுள்ள அனைவருக்கும் இடையூறு நேரும். 2011-இல் அனுமதிக்கப்பட்டுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற திட்டத்தின் முதற் கட்டத்திலும் ‘ஜிபான்’ எனப்படும் இம்முறையே கையாளப்பட்டது.

இவ்வமைப்பின் நாடா, ‘எஸ்.எப்.பி.’ எனப்படும் விரலளவான உலோகத் துண்டு. மின்சாரக் குறியை லேசர் ஒளியாக்குவதும், வரும் ஒளியை மீண்டும் மின்குறியாக்குவதும் இதன் தொழில். நிலையத்து யந்திரத்தை நிறுத்தாமலே இதனைக் கழற்றி மாற்றலாம். நம் பக்கத்தில் இவ்வுறுப்பு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். சில ரவுட்டர்களில் தனியே செருகும் வகையும் உண்டு. உருவம் ஒன்றாயினும் வகை பலவாதலால், நிலையத்தார் ஏற்கும் வகையை விசாரித்தே வாங்குதல் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தில் கூலி நாளன்று இணைப்பு நின்றது. பெட்டி கெட்டதெனக் கூறப்பட்டுப் புதியது வாங்கப்பட்டது, அதுவும் இயங்கவில்லை. இழை முனையில் படிந்திருந்த தூசியைத் துடைத்ததும் பழைய பெட்டியே இயங்கிற்று. இரண்டு நாள் நெசவாளர்கள் கூலியின்றிக் காத்திருந்ததும், சங்கப் பணம் வீணானதுமே மிச்சம். செலவுச் சீட்டை ஆய்வு செய்தபோதுதான் இவ்விஷயம் வெளிவந்தது.

ஆகவே மூன்று காரியங்களை நினைவில் வைக்க வேண்டுகிறேன். முதலாவது, இழை முனையைக் கண்ணருகே கொண்டு பார்த்தலாகாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாதாயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும். இரண்டாவது, பச்சை முனையை நீலத் துளையில் செருகக்கூடாது. இரண்டின் முகச்சாய்வும் வேறு. மூன்றாவது, பழுது பார்க்க வருபவரிடம் வந்துசேரும் ஒளியின் அளவைக் கேட்டறிக. பரவலாக வழங்கும் ‘பி-பிளஸ்’ வகையில் அது மைனஸ் 27 டி.பி.எம்.-க்குக் குறைந்தால், முதலில் இழையையும் முனையையும் சோதிக்கவேண்டும். பெட்டியின்மேல் குற்றம் சாட்டுவது பிறகு.

அந்த எண்ணைச் செலவுச் சீட்டின் பின்புறம் குறித்த பின்னரே செயலாளர் கையெழுத்திடுவாராக.