நோயாளியின் ஒருசந்தி

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பும் பெரியவர்கள் பலர், அன்றே ஒருசந்தியைத் தொடங்கிவிடுகின்றனர். காலையில் வெறும் வயிறு. நண்பகலில் ஒருவேளை உணவு. இரவில் சிறிது கஞ்சி. ஆனால் சர்க்கரை நோய்க்குரிய மாத்திரையை மட்டும் வழக்கம்போல் காலையிலேயே விழுங்கிவிடுகின்றனர். வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப் பாதையின் நடுவே உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறுகிறது. அங்கிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்படுகின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ள எவருக்கும் மனம் வராது. இளமை முதல் கடைப்பிடித்த நோன்பை நோய் வந்தது என்பதற்காக விட்டுவிடுவதா என்று அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு.

முதலில் திருச்சபையின் சட்டத்தைப் பார்ப்போம். கத்தோலிக்கருக்கு ஒருசந்தி கட்டாயக் கடமையாக உள்ள நாள்கள் இரண்டே: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரையில் மட்டுமே. நோயுற்றோரை இக்கடமை கட்டுப்படுத்துவதில்லை. லெந்து காலம் என்று இதனை அழைக்கும் சீர்திருத்தத் திருச்சபையினருக்கு நோன்பு பெரும்பாலும் அவரவர் மனத்தின் தீர்மானம். ஆகவே மருத்துவர் உணவைத் தவிர்க்க வேண்டாம் என்று கூறும்போது, அவர் சமயத்திற்கு எதிராகப் பேசவில்லை.

இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும், உணவு உட்சென்றதா இல்லையா என்று பார்ப்பதில்லை. இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே செல்லும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். விழுங்க இயலாத நிலையிலோ மயக்கத்திலோ இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். நோன்புக்காக மாத்திரையைத் தாமாகவே குறைப்பதும் கூடாது.

அப்படியானால் நோயாளிக்குத் தவம் என்பதே இல்லையா? உண்டு. தவம் என்னும் சொல்லுக்கு விடுவது என்பது மட்டும் பொருளன்று. ஒன்றை மேற்கொண்டு நிற்பதும் தவமே. உண்பதை விட இயலாதவர், நாள்தோறும் ஒரு சிறு செயலை மேற்கொள்ளலாம். எதனை என்று கேட்டால், சர்க்கரை நோயாளிகளுக்கு நான் தயங்காமல் கூறுவது: இரவுதோறும் பாதங்களைப் பாருங்கள்.

நீடித்த சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். செருப்பில் நுழைந்த சிறு கல்லும், குத்திய முள்ளும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் எவரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் புண் ஆழமாகிறது. விரலையோ காலையோ இழக்கும் நிலை பல நேரங்களில் இப்படித்தான் தொடங்குகிறது. மாசி, பங்குனி வெயிலில் வெறுங்காலுடன் சிலுவைப் பாதை செல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. உணர்ச்சியற்ற பாதம் சுடுமணலில் வெந்தாலும் உடையவருக்குத் தெரியாது. செருப்பு அணிந்து நடந்தால் பக்தி குறைந்துவிடாது என்பது என் துணிபு.

பல இல்லங்களில் இரவில் குடும்பச் செபம் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. செபம் முடிந்து விளக்கை அணைப்பதற்கு முன் பாதங்களைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய செயலை ஏற்கெனவே உள்ள செயலோடு பிணைத்துவிட்டால் தனியே நினைவில் வைக்கும் சுமை குறையும். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். கண்பார்வை மங்கியவருக்கு மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்லலாம். கழுவியபின் விரல் இடுக்கின் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்; எண்ணெய் தடவுவதானால் இடுக்குகளில் தடவக் கூடாது. பெரிய வியாழனன்று ஆலயத்தில் குருவானவர் மண்டியிட்டுப் பாதங்களைக் கழுவுவதைக் காணும் குடும்பத்தினருக்கு இப்பணி அந்நியமாகத் தோன்றாது.

நாற்பது நாளில் இது பழக்கமாகிவிடுமா? 2010-இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், 96 பேர் புதிய செயல் ஒன்றைத் தேர்ந்து நாள்தோறும் செய்து வந்தனர். அது தன்னியல்பாக நிகழத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதும் என்றும், சிலருக்கு 254 நாள்கள் வரை தேவைப்படும் என்றும் கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதனால் பழக்கம் பெரிதாகக் குலைந்துவிடவில்லை என்பதையும் அவ்வாய்வு கண்டது. திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை ஞாயிறுகளையும் சேர்த்தால் 46 நாள்கள். ஞாயிறுகள் ஆறையும் நீக்கித்தான் நாற்பது என்கிறோம். நோன்புக்கு ஞாயிறு விலக்கு. பாதங்களுக்கு விலக்கு இல்லை. அப்போதும் சராசரியை எட்ட இன்னும் இருபது நாள்கள் வேண்டியிருக்கும். உயிர்ப்பு ஞாயிறன்று ஆட்டுக்கறிக் குழம்போடு தவக்காலத் தீர்மானங்கள் யாவும் விடைபெற்றுச் செல்வது நாம் அறிந்ததே. ஆனால் பாஸ்கா காலம் தூய ஆவியார் பெருவிழா வரை ஐம்பது நாள்கள் நீள்கிறது. அந்த இருபது நாள்களையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மது அருந்துவதை இக்காலத்தில் விட எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாள்களிலேயே வலிப்பும் மனக்குழப்பமும் நேரிடலாம். நல்ல முடிவுதான், ஆயினும் மருத்துவரிடம் கூறிவிட்டுத் தொடங்குங்கள். புகைப்பதை விடுவோருக்கு இத்தகைய ஆபத்து இல்லை. முதல் வாரத்தின் எரிச்சலும் தூக்கமின்மையும் மெல்லத் தணிந்துவிடும்.

உடனிருந்து பராமரிப்போருக்கும் ஒரு சொல். நோயாளிக்காக வேண்டிக்கொண்டு தாம் பட்டினி கிடப்பவரைப் படுக்கையருகே அடிக்கடி காண்கிறோம். இரவு விழித்து, பகலில் உண்ணாமல் இருப்பவரின் கை மருந்தளவில் பிழை செய்துவிடக்கூடும். அவர்கள் மேற்கொள்ளத்தக்க தவம், வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நாளுக்கு அரைமணி நேரம் நடந்து வருவதாக இருக்கலாம்.

பாதத்தில் கொப்புளமோ, நிறமாற்றமோ, வெடிப்போ, கசிவோ தென்பட்டால், வலி இல்லாவிடினும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய வாரம் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.