பட்டாளமும் பண்ணையமும்: அன்றும் இன்றும்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று பைல் நாடு. ஆடி மாதத்தில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கும் மலை இது. முன்பு சாமையும் தினையும் விளைந்த இந்த மண்ணில் இன்று மிளகும் காபியும் மரவள்ளியும் விளைகின்றன. வில்லாளியைக் கொண்டாடும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய படை ஒன்று உண்டு. சொந்தத் தொழிலை வைத்துக்கொண்டே சீருடை அணிய வழி செய்யும் படை அது. பெயர் டெரிட்டோரியல் ஆர்மி. செய்தித்தாள்கள் பிராந்திய ராணுவம் என்று எழுதுகின்றன. அதன் நூறாண்டுக் கதை, தமிழ்நாட்டுச் சிப்பாய் இழந்த மதிப்பை மீட்ட கதையும்கூட.

அன்று

முதல் உலகப்போரில் ஆள் பற்றாமல் தவித்த வெள்ளை அரசு, 1920இல் இரண்டு சட்டங்கள் செய்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை ஒன்று. இந்தியருக்கு இந்தியன் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் தனியாக. நாட்டைக் காப்பதிலும் நிறம் பார்த்துப் பிரித்த ஏற்பாடு அது. இந்தியப் பிரிவில் சேர்ந்தவருக்கு ஆண்டில் சில வாரங்களே பயிற்சி. அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், முகாம் வாழ்க்கை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

சென்னை மாகாணத்துக்கு இன்னொரு காயமும் இருந்தது. 1880களில் சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற கருத்தை வளர்த்தார். ஆர்க்காட்டிலும் மைசூரிலும் கம்பெனிக்காகப் போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டாளத்தின் கதவு மெல்ல மெல்ல மூடியது. மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முழுநேரக் காலாட்படைப் பிரிவுகள் 1930களின் தொடக்கத்துக்குள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. அந்த வறண்ட ஆண்டுகளில் மெட்ராஸ் என்ற பெயரைக் காலாட்படையில் தாங்கி நின்றவை பகுதிநேரப் பிரிவுகள்தாம். அடுத்த உலகப்போர் வந்ததும் ராபர்ட்ஸின் கருத்து நிற்கவில்லை. 1941இல் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது.

விடுதலைக்குப் பின் 1948இல் புதிய சட்டம் வந்தது. நிறப் பிரிவினை போயிற்று. 1949 அக்டோபர் 9 அன்று டெரிட்டோரியல் ஆர்மியைத் தொடங்கி வைத்தவர் தலைமை ஆளுநர் ராஜாஜி. கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டம். ராஜாஜி வக்கீலாக இருந்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் அதே சேலத்தில். தொழில் செய்யும் குடிமகன் ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற வேண்டும், நாடு அழைத்தால் வர வேண்டும் என்பதே தொடக்ககால நோக்கம். அக்டோபர் 9 இன்றும் அந்தப் படையின் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்று

கோவையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சார்ந்த 110ஆம் பட்டாலியன், திருச்சியில் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சார்ந்த 117ஆம் பட்டாலியன் என நமக்கு அருகிலேயே இரண்டு பிரிவுகள் உள்ளன. சேர்பவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகு ஆண்டுதோறும் சுமார் இரண்டு மாதம். ஏட்டில் உள்ள விதி இதுதான். நடைமுறை வெகுவாக மாறிவிட்டது. பல பட்டாலியன்கள் ஆண்டுக்கணக்கில் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டுக் காஷ்மீரிலும் வடகிழக்கிலும் நிற்கின்றன. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, அப்போதிருந்த 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரிடருக்கும் இவர்களே ஓடுகிறார்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது கோழிக்கோட்டின் 122ஆம் பட்டாலியன் மீட்பில் இறங்கியது. பெண்களும் இப்படையில் சேரலாம் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 நவம்பரில் கோவையில் ஆள்சேர்ப்பு நடந்தபோது பல மாநில இளைஞர்கள் திரண்டார்கள். முதல் சோதனை 1,600 மீட்டர் ஓட்டம். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்ந்த மலைப் பிள்ளைக்கு நெஞ்சுரம் உண்டு. குறைவது தகவலும் வழிகாட்டலும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஆள்சேர்ப்பு அறிவிப்பு செம்மேட்டுக்கும் பைல் நாட்டுக்கும் உரிய நேரத்தில் வர வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்லவும் வேண்டும்: இது நிரந்தர வேலை அல்ல. பயிற்சியிலும் அழைப்புப் பணியிலும் இருக்கும் காலத்துக்குத்தான் சம்பளம். வீரர் ஓய்வூதியம் பெற, பணியில் அழைக்கப்பட்ட காலம் மட்டும் பதினைந்து ஆண்டுகள் சேர வேண்டும். காட்டையும் தோட்டத்தையும் விற்றுவிட்டு நம்பிப் போகக் கூடாது. அவற்றை வைத்துக்கொண்டு போவதற்காகவே உருவான படை இது.

இந்தப் படைக்கு இன்னொரு முகமும் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் மொட்டையான முசூரி மலையைப் பசுமையாக்க, முன்னாள் வீரர்களைக் கொண்டு 1982இல் முதல் சூழலியல் பட்டாலியன் அமைந்தது. கொல்லிமலையும் பாக்சைட்டுக்காகத் தோண்டப்பட்ட மலைதான். அப்படி ஒரு பிரிவைக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் தமிழ்நாடு அரசு கேட்டுப் பெற வேண்டும். தென்னாட்டான் போருக்கு உதவான் என்ற சொல்லைப் பொய்யாக்கியவர்களின் வழிவந்தோர், தம் மலையைத் தாமே மீட்கட்டும்.