கையுறை கேட்பது நம் உரிமை

குவாரி மூடிய இடத்தில் முதலில் முளைப்பது பார்த்தீனியம். மேல்மண் புரண்டு, பழைய செடிகள் அழிந்த நிலத்தில் அதற்குப் போட்டியே இல்லை. ஒரு செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். காற்றிலும் லாரி டயரிலும் அவை நம் மானாவாரிக் காட்டுக்கு வந்துவிடும்.

அதைப் பிடுங்க நம் காலனிப் பெண்களைத்தான் கூப்பிடுகிறார்கள்; அதுவும் வெறுங்கையோடு. செடி பட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும், மகரந்தம் மூச்சில் ஏறினால் இளைப்பும் வரும்.

பூக்கும் முன்பே, மழை ஈரத்தில் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பூத்த செடியை எருக்குழியில் போடக் கூடாது. பிடுங்கிய இடத்தில் ஆவாரை, தகரை விதைத்தால் பார்த்தீனியம் ஒடுங்கும்.

கிரானைட் குவாரிக்காரர் மேல்மண்ணைத் தனியே சேமித்து, நிலத்தைச் சீரமைக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக, 2015 சட்டத் திருத்தம் மாவட்ட கனிம அறக்கட்டளையையும் ஏற்படுத்தியது.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம்: குழி தோண்டியவர் செலவில் களை எடுக்கப்படட்டும், எடுப்பவர் கைக்கு உறையும் உரிய கூலியும் வரட்டும்.