குளத்தில் இறங்கும் முன் ஐந்து நிமிடம்

அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே. குளிர் அதிகமுள்ள மாநிலங்களில் அபார்ட்மெண்ட் வளாகங்களிலும் கிளப்புகளிலும் உள்ள திறந்தவெளி நீச்சல் குளங்கள் பெரும்பாலும் அந்த வார இறுதியில்தான் திறக்கப்படுகின்றன. அன்று முதல் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே வரை நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

குளத்தைத் தயார் செய்வது நிர்வாகத்தின் வேலை, உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்குவது நம் பிள்ளைகள். அங்கே என்னென்ன வேலை நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், சரியாக நடந்திருக்கிறதா என்பதை ஐந்தே நிமிடத்தில் நாமே பார்த்துவிடலாம்.

போர்வை விலகியதும்

குழாய்களில் உள்ள நீர் உறைந்து வெடித்துவிடாமலிருக்க, குளிர்காலத்துக்கு முன் அவற்றைக் காலி செய்து அடைத்து, குளத்தின் மேல் போர்வை போட்டுவிடுகிறார்கள். வசந்தம் வந்ததும் போர்வை மேல் தேங்கிய அழுக்கு நீரையும் சருகுகளையும் குளத்துக்குள் விழாமல் அகற்ற வேண்டும். பிறகு பம்ப்பையும் வடிகட்டியையும் மாட்டி, நீரை உரிய மட்டத்துக்கு நிரப்பி ஓடவிட வேண்டும். சுவர்ப் பாசியைத் தேய்த்தெடுத்து, மருந்துகளைச் சேர்த்து, தண்ணீர் தெளியச் சில நாட்கள் ஆகலாம். எனவே திறப்பு நாள் தள்ளிப்போனால் அவசரப்படுத்த வேண்டாம்.

இரண்டு எண்கள்

நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் (சி.டி.சி.) சொல்வது இது: நீரில் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். இருக்க வேண்டும். வெயிலில் குளோரின் வீணாகாமலிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்த்திருந்தால் குறைந்தது 2 பி.பி.எம். தேவை. பி.எச். அளவு 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். பி.எச். ஏறினால் குளோரினின் வலு குறையும். மிகவும் இறங்கினால் கண் எரியும், குழாய்கள் அரிக்கும். இதற்கான சோதனைத் தாள் கடைகளில் கிடைக்கிறது. தண்ணீரில் நனைத்து, நிறத்தைப் பெட்டியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும்.

"குளோரின் வாடை தூக்கலாக அடிக்கிறதே, நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள்" என்று நாம் நினைப்பதுண்டு. அது தவறு. குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமின்களாக மாறும்போது வருவதே அந்த வாடை. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். தலையில் எண்ணெயோடும் உடலில் வியர்வையோடும் இறங்கினால் நோய்க்கிருமிகளைக் கொல்ல வேண்டிய குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஒரு நிமிடம் ஷவரில் குளித்துவிட்டு இறங்குவோம்.

அளவு சரியாக இருந்தால் பெரும்பாலான கிருமிகள் சில நிமிடங்களில் அழியும். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் 7 நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது. கிரிப்டோ என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 2 வாரம் பொறுக்க வேண்டும். டயப்பர் போட்ட குழந்தைகளை மணிக்கொரு முறை வெளியே அழைத்துப் பாருங்கள். மாற்றுவது கழிப்பறையில், குளக்கரையில் வேண்டாம்.

அடியில் ஒரு மூடி

2002-ல் முன்னாள் வெளியுறவுத்துறை அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி, வெந்நீர்த் தொட்டியின் வடிகால் இழுவையில் சிக்கி இறந்தாள். அவள் பெயரால் 2007-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பொதுக் குளங்களின் வடிகால்களுக்கு ஆளை இழுத்துப் பிடிக்காத பாதுகாப்பான மூடி கட்டாயம். கரையில் நின்று பாருங்கள். ஆழமான பகுதியில் அடித்தரையும் வடிகால் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். நீர் கலங்கியிருந்தாலோ, மூடி உடைந்திருந்தாலோ இறங்க வேண்டாம். மூழ்கிய குழந்தையும் கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாது.

வேலிக் கதவு தானாக மூடித் தாழிட்டுக்கொள்கிறதா? மிதவை வளையமும் நீண்ட கொக்கிக் கம்பும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா? இவற்றையும் பாருங்கள். அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதே.

பல அபார்ட்மெண்ட் குளங்களில் உயிர்காப்பாளர் கிடையாது. கோடையில் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியை நம்பிப் பேரப்பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்புகிறோம். அவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டோமா? தெரியாதென்றால் அந்தக் காவல் போதாது. நீச்சல் தெரிந்த ஒருவர், கையில் செல்பேசி இல்லாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு உடனிருக்க வேண்டும். 911-ஐ அழைப்பது எப்படி, கொக்கிக் கம்பை நீட்டுவது எப்படி என்று பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுப்போம்.

குறை கண்டால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். சரிசெய்யாவிட்டால் உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கலாம். அது வரை பிள்ளைகள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கரையிலேயே இருக்கட்டும்.